மறு: இரண்டு வயது வாலும் உருளைப் பாத்தியும்

கோடை மழைக்குள் பாத்தி முடிய வேண்டும், மகனோ முளைத்த கேரட்டையெல்லாம் பிடுங்கிப் போடுகிறான் என்று கோத்தகிரியிலிருந்து கேட்டிருந்தீர்கள். பிடுங்கிய கேரட்டைத் திரும்ப நட்டுப் பயனில்லை, வேர் கோணிக்கொள்ளும். சுற்றி வலை கட்டிவிடுங்கள்.

அவனுக்கு ஏற்ற வேலை உருளைதான். நீங்கள் குழி எடுத்துக்கொண்டே போங்கள், கிழங்கை அவன் போடட்டும். தலைகீழாக விழுந்தாலும் முளைக்கும், கவலை வேண்டாம். வாயில் மட்டும் வைக்க விடாதீர்கள். முளையிலும் பச்சை ஏறிய தோலிலும் சோலனின் என்ற நஞ்சு உண்டு. மருந்தில் நனைத்த விதைக்கிழங்கு என்றால் கையிலேயே கொடுக்காதீர்கள், பதிலாக ஒரு பழைய கரண்டியும் மண்மேடும் போதும்.

எனக்கு அதைவிடப் பயம் வேலியோரம்தான். நம் மலையில் எங்கு பார்த்தாலும் மணிபோல் தொங்கும் அந்தப் பெரிய ஊமத்தம்பூ, இலை முதல் விதை வரை விஷம். இருந்தால் முதல் வேலையாக வெட்டிவிடுங்கள். அழகுக்காக வைத்திருக்கிறோம் என்று மாமியார் சொன்னாலும் சரி!

காட்டெருமை வரும் தோட்டமா? அப்படியானால் நீங்கள் ஒரு சுற்று பார்த்துவிட்டு அப்புறம் அவனை இறக்குங்கள். குளிர்ந்தாலும் இந்த உயரத்து வெயில் சுடும், தொப்பி போடுங்கள். தண்ணீர் டிரம்முக்கும் வாளிக்கும் மூடி அவசியம்.