இரண்டு அறையில் ஒன்பது பேர் தங்கலாமா?

கேள்வி: மே மாதம் கொடைக்கானலில் மூன்று நாள் தங்க, ஆப் மூலம் இரண்டு அறை புக் செய்திருக்கிறோம். நான், கணவர், மாமியார், பிள்ளைகள் இருவர் (13, 8 வயது). வவுச்சரில் 'அறைக்கு 2 பெரியவர், 1 குழந்தை' என்று இருக்கிறது. இப்போது நாத்தனாரும் அவர் கணவரும் பிள்ளைகளோடு (14, 4 வயது) வருகிறார்கள். "பாய் விரித்துப் படுத்துக்கலாம், ஹோட்டல்ல சொல்ல வேண்டாம்" என்கிறார் கணவர். சரிதானா?

பதில்: சரியில்லை. மூன்றாவது அறை போடுங்கள், அதையும் இன்றே செய்யுங்கள். மே மாதத்தில் கொடைக்கானல் போய்ச் சேர்ந்த பிறகு ரிசப்ஷனில் நின்று அறை கேட்டால், கிடைத்தாலும் அவர்கள் சொன்னதுதான் விலை.

தங்குபவர் எல்லோருடைய பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும், பெரியவர்கள் அடையாள அட்டை காட்ட வேண்டும். ராத்திரி தீப்பிடித்தால் யார் வெளியே வந்தார்கள், யார் உள்ளே சிக்கினார்கள் என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். பெயர் இல்லாதவரை யாரும் தேட மாட்டார்கள். குளிருக்கு ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, கதவு வரைக்கும் பாய் விரித்துப் படுத்திருந்தால் இருட்டில் எழுந்து ஓட வழி ஏது?

பிள்ளைகள் வயது விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான ஹோட்டல்களில் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை, பெற்றோர் கட்டிலிலேயே படுத்தால் கட்டணம் இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை குழந்தைக் கணக்கு. மெத்தை கேட்டால் தனியாகக் காசு. பன்னிரண்டு தாண்டினால் பெரியவர். அப்படிப் பார்த்தால் உங்கள் 13 வயதுப் பிள்ளை பெரியவர். நீங்கள் ஐந்து பேர் வந்தாலே இரண்டு அறையும் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. நாத்தனார் வீட்டு 14 வயதுப் பிள்ளைக்கும் எக்ஸ்ட்ரா பெட் வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்குக் காசு இல்லாமல் இருக்கலாம், ஆனால் தலை எண்ணிக்கையில் அதுவும் சேரும். 'இலவசம்' என்றால் கணக்கிலேயே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயது வரம்பு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், உங்கள் வவுச்சரில் இருப்பதே செல்லும். வயதைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம், ஆதாரில் பிறந்த தேதி இருக்கிறது.

ஆப்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. திறந்ததுமே 'இரண்டு பெரியவர்' என்று தானாக வந்து நிற்கும், விலையும் அதற்குத்தான் காட்டும். ஆள் வரம்பு கடைசியில் பொடி எழுத்தில் கிடக்கும். பிறகு மாற்றக் கூப்பிட்டால் ஹோட்டலைக் கேளுங்கள் என்பார்கள், ஹோட்டலோ ஆப்பைக் கேளுங்கள் என்னும். அந்தப் பந்தாட்டத்தில் நீங்கள் மாட்டாதீர்கள். ஹோட்டலுக்கே நேராகப் பேசி, ஒன்பது பேரின் வயதையும் சொல்லி, மொத்தத் தொகையோடு 'சரி' என்ற பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்ன வாக்கு, டியூட்டி மாறினால் போச்சு.

அப்புறம் புரோக்கர்கள். மலை ஏறும் வழியிலும் ஏரிப் பக்கத்திலும் காரை மறித்து, "காட்டேஜ் சார், பத்துப் பேர் தங்கலாம், ஒரு ஆதார் போதும்" என்பார்கள். தயவுசெய்து போகாதீர்கள். ஒரு ஆதார் போதும் என்று சொல்லும் இடத்தில் ஒழுங்கான பதிவேடு இருக்காது, பெரும்பாலும் லைசென்சும் இருக்காது. அட்வான்ஸ் வாங்கியவரை அடுத்த நாள் போனில் பிடிக்கவே முடியாது. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் குழந்தை குட்டியோடு நடுத்தெருவில் நிற்பது நீங்கள். இவர்களை வருடக்கணக்காக இப்படி மறிக்க விட்டுவைத்திருப்பது எந்த நிர்வாகத்துக்கும் அழகில்லை.

நாத்தனார் தனிக் காரில் வந்தால் அந்த வண்டிக்குத் தனி இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள், அதனால் கடைசி நாள் வரை தள்ளிப்போட வேண்டாம். அரசு இணையதளத்தில் அது இலவசம். எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.