ரேடான் உணரியின் அளவை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

கேள்வி: இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கருங்கல் வீடொன்றில் வசிக்கிறோம். நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானை அளக்கக் கடையில் வாங்கிய டிஜிட்டல் மானி, ஜனவரியில் பத்து நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 260 பெக்கரல் (கதிரியக்க அலகு) காட்டியது. ஆய்வகம் தபாலில் அனுப்பிய உணரிகளை மூன்று மாதம் வைத்துத் திருப்பி அனுப்பியதில் 170 என்று அறிக்கை வந்திருக்கிறது. எதை நம்புவது? ஆய்வகத்தைச் சரிபார்ப்பவர் யார்?

பதில்: முடிவெடுப்பதற்கு 170-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக மானி தவறு என்று சொல்லிவிட முடியாது. கதவு, ஜன்னல்களைச் சாத்தி வீட்டைச் சூடாக்கும் குளிர்காலத்தில் ரேடான் கூடும். பிரிட்டனில் ஆய்வகங்கள் பருவத் திருத்தம் செய்து, கூடத்துக்கு 45, படுக்கையறைக்கு 55 விழுக்காடு என எடை கொடுத்து, ஆண்டுச் சராசரியாகவே அறிக்கை தருகின்றன. ஆகவே உங்கள் இரண்டு எண்களும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல.

உணரிக்குள் இருப்பது பெரும்பாலும் நகமளவு சி.ஆர்-39 பிளாஸ்டிக் துண்டு. ரேடான் சிதையும்போது வெளிப்படும் ஆல்ஃபா துகள்கள் அதில் பதிக்கும் தடங்களைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரித்துப் பெரிதாக்கி, நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். பிளாஸ்டிக் தொகுதி மாறினாலோ, கரைசலின் வெப்பநிலை சற்றே பிசகினாலோ எண்ணிக்கை மாறிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வகங்களுக்கிடையிலான ஒப்பீட்டுச் சோதனை. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சில்டனில், ஆள் நுழையக்கூடிய 43 கன மீட்டர் ரேடான் அறையில் இது நடந்துவந்திருக்கிறது. ஆய்வகங்கள் அனுப்பும் உணரிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் வெவ்வேறு அளவு ரேடானில் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். எந்தக் குழுவுக்கு எவ்வளவு என்பதை மட்டும் ஆய்வகம் தன் முடிவுகளை ஒப்படைக்கும்வரை வெளியிடமாட்டார்கள். குறைந்த அளவில் பிளாஸ்டிக்கில் முன்பே இருந்த தடங்கள் கணக்கைக் குழப்பும், மிக அதிக அளவில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எண்ணுவதற்கே கடினமாகும் என்பதால், ஒரே அளவில் சோதித்தால் போதாது. போகவர வழியில் சேர்ந்த ரேடானைக் கழிப்பதற்கு, அறைக்குள் வைக்கப்படாத பயண உணரிகள் சில தனியே ஒதுக்கப்படும்.

முடிவில் சார்புப் பிழை, சிதறல் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். உண்மை அளவு 400 என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆய்வகத்தின் பத்து உணரிகளும் 440-ஐ ஒட்டியே காட்டினால், அளவுத்திருத்தத்தைச் சரிசெய்தால் தீர்ந்தது. இன்னொன்றின் சராசரி கச்சிதமாக 400, ஆனால் தனித்தனி உணரிகள் 320 முதல் 480 வரை சிதறுகின்றன என்றால், என் கணிப்பில் அதுவே மோசம். உங்கள் வீட்டுக்கு வருவது பத்து உணரிகளின் சராசரி அல்ல, அறைக்கு ஒன்றே ஒன்று.

ஆகவே அங்கீகாரச் சான்றிதழோடு நின்றுவிடாமல், கடைசி ஒப்பீட்டில் கிடைத்த சிதறல் எவ்வளவு, சோதனைக்கு அனுப்பியவை வாடிக்கையாளருக்குப் போகும் அதே இருப்பிலிருந்து எடுத்தவைதானா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். (பொறுக்கியெடுத்து அனுப்பும் ஆசை எவருக்கும் வரும்.) மானியைச் சோதிக்க, அதைப் புதிய உணரியின் பக்கத்திலேயே மூன்று மாதம் வைத்து, அதன் சராசரியைப் பருவத் திருத்தத்துக்கு முந்தைய அறை அளவோடு ஒப்பிடுங்கள்.

170 என்பது பிரிட்டனின் நடவடிக்கை வரம்பான 200-க்குக் கீழே, இலக்கான 100-க்கு மேலே. ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து புகைத்தவர்களுக்குக் கூடுதல் என்பதால், வீட்டில் புகைப்பவரோ முன்பு புகைத்தவரோ இருந்தால், ரேடானைக் குறைக்கும் வேலையை இப்போதே யோசிக்கலாம்.