ஆரஞ்சு வந்த வழி: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆரஞ்சு என்பது தமிழிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சொல் என்கிறார்களே, உண்மையா?

பதில்: சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நாரான்ஹா. இதுவரை சிக்கல் இல்லை. சமஸ்கிருதத்துக்கே இது ஏதோ ஒரு திராவிட மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நம் நாரத்தையையும் மலையாளத்து நாரங்ஙயையும் பார்த்தால் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்த மொழி தமிழேதான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. பெருமைக்காக அந்த எல்லையைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: முதலில் இருந்த 'ந' ஆங்கிலத்தில் எப்படிக் காணாமல் போனது?

பதில்: ஆங்கிலத்துக்கு வரும்போதே அது இல்லை. இத்தாலியிலும் பிரான்சிலும் உதிர்ந்துவிட்டது. அங்கே 'ஒரு' என்பதற்கான சொல்லிலும் னகரம் உண்டு. இரண்டும் அடுத்தடுத்து வந்ததில் ஒன்று கரைந்தது. இத்தாலியில் அரஞ்சா ஆனது. போர்ச்சுகீசியரோ 'ந'வை 'ல' ஆக்கி லராஞ்சா என்றார்கள். ஆங்கிலத்திலேயே இப்படி நடந்த சொல் வேண்டுமென்றால் ஏப்ரன் இருக்கிறது. அது முன்பு நேப்ரன்.

கேள்வி: கிரேக்கத்தில் ஆரஞ்சை போர்த்தொகாலி என்கிறார்கள். போர்ச்சுகலுக்கும் பழத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: அரபிகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது புளிப்பு வகை. நல்ல இனிப்பு வகையைப் பின்னாளில் பரப்பியதில் போர்ச்சுகீசிய வணிகர்களுக்குப் பெரிய பங்கு. அதனால் கிரேக்கம், ருமேனியம், பல்கேரியம், அல்பேனியம் என்று அந்தப் பக்கம் முழுக்க அவர்கள் நாட்டுப் பெயரே பழத்துக்கு ஆனது. துருக்கியிலும் போர்தகால்தான். எனக்கு மிகவும் பிடித்தது கிரேக்கர்கள் செய்த ஏற்பாடு: இனிப்புக்குப் போர்த்தொகாலி, புளிப்புக்குப் பழைய நெரான்சி. இரண்டு பழங்களும் வந்த காலம் வேறு என்பதை மொழி அப்படியே காத்து வைத்திருக்கிறது.

வடக்கே போனால் கதை வேறு. ஜெர்மனியின் அப்ஃபெல்சீனே, டச்சுக்காரர்களின் சினாசாப்பல் இரண்டுக்கும் 'சீன ஆப்பிள்' என்றே பொருள். ரஷ்யரின் அபெல்சின் அந்த வழி வந்ததுதான்.

கேள்வி: அப்படியானால் டச்சுக் கால்பந்து அணி ஏன் ஆரஞ்சு நிறம் அணிகிறது?

பதில்: தெற்கு பிரான்சில் ஒராஞ்ச் என்றொரு ஊர். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அரௌசியோ. பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் சிற்றரசு 1544இல் நாசோ குடும்பத்து வில்லியமுக்கு உரிமையானது. டச்சு அரச குடும்பத்துக்கு ஒராஞ்ச் பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். ஒலி ஒன்றாகிப் போனதால் நிறமும் சேர்ந்துகொண்டது.

கேள்வி: நிறத்துக்கு முதலில் வந்த பெயரா, பழத்துக்கா?

பதில்: பழத்துக்குத்தான். ஆங்கிலத்தில் நிறப்பெயராக அது வழங்கியது 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் சிவப்பு, மஞ்சள் என்றே சமாளித்தார்கள். ராபின் பறவையின் ஆரஞ்சு மார்பை ஆங்கிலேயர் 'சிவப்பு மார்பு' என்று அழைப்பதற்கும் அதுவே காரணம்.