செல்லுக்குள் புரதம் எப்படி உருவாகிறது? உடல்நலத்துக்கு அது ஏன் இவ்வளவு முக்கியம்?

கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "புரதம் சாப்பிட்டால் அது அப்படியே தசையாகிவிடுமா?" அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆகாது. நாம் சாப்பிடும் புரதம் அதே உருவில் உடம்பில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. இரைப்பையிலும் சிறுகுடலிலும் இருக்கும் நொதிகள் அதை, புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த துணுக்குகளாகவும் உடைத்துவிடுகின்றன. ரத்தத்தில் வந்து சேர்வது பெரும்பாலும் தனித்தனி அமினோ அமிலம்தான். அது செடியிலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா என்ற அடையாளமெல்லாம் அதில் இருக்காது. அதை வைத்து என்ன கட்டுவது என்று முடிவு செய்வது செல். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதமான கொலாஜனின் பொடியைக் குடித்தால் அது கொலாஜனாகவே தோலில் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

உயிர்வேதியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. புரதம் என்றதும் "ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அளவு முக்கியம், அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் அமினோ அமிலங்களைச் சரியான வரிசையில் கோக்க வேண்டும், கோத்ததைச் சரியாக மடிக்க வேண்டும், போக வேண்டிய இடத்துக்கு அனுப்ப வேண்டும், வேலை முடிந்ததும் உடைத்துப்போட வேண்டும். இதில் எங்கே பிசகினாலும் நோய்தான். அப்போது கிராம் கணக்கு கைகொடுக்காது.

சரி, எப்படிக் கோக்கிறது?

எந்தப் புரதத்தில் எந்த அமினோ அமிலம் எத்தனையாவது இடத்தில் வர வேண்டும் என்ற தகவல் டி.என்.ஏ.வில் இருக்கிறது. மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வராது. அதனால் வேண்டிய மரபணுவை மட்டும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி, ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறாகப் படியெடுக்கிறது. அந்தப் படியில் புரதத்துக்குத் தேவையில்லாத பகுதிகளும் இருக்கும். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டியதும் தூது ஆர்.என்.ஏ. தயார். அது உட்கருச் சவ்வின் துளை வழியே வெளியே வருகிறது. கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் எல்லா மரபணுவும் இருந்தாலும் கணையத்தின் பீட்டா செல்தான் இன்சுலினைச் செய்கிறது, தோல் செல் செய்வதில்லை. எந்த மரபணுவைப் படியெடுப்பது என்பதில்தான் செல்லுக்குச் செல் வித்தியாசம்.

தூது ஆர்.என்.ஏ.வை, புரதத்தைக் கோக்கும் நுண் இயந்திரமான ரைபோசோம் பிடித்துக்கொள்கிறது. ஆர்.என்.ஏ.வில் இருப்பவை ஏ, யூ, ஜி, சி என்று நாம் எழுத்தால் குறிக்கும் நான்கே வேதி அலகுகள். மூன்று மூன்றாகப் படித்தால் 64 சொற்கள் வரும். அதில் 61 சொற்கள் ஏதாவது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும், மூன்று 'இங்கே நிறுத்து' என்று சொல்லும். ஏயூஜி என்பது தொடக்கம். அமினோ அமிலங்கள் 20தான் என்பதால் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. இந்த அகராதியைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. 1961-இல் நிரென்பெர்க்கும் மத்தேயியும் யூ என்ற ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் செயற்கை ஆர்.என்.ஏ.வை, செல்களை உடைத்து எடுத்த சாற்றில் போட்டார்கள். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் மட்டுமே கோத்த சங்கிலி வந்தது. அப்படியானால் யூயூயூ என்றால் ஃபினைல்அலனின். அப்புறம் ஹர் கோவிந்த் கொரானா, யூசியூசியூசி என்று எழுத்துகள் மாறி மாறி வரும் ஆர்.என்.ஏ.க்களைச் செய்துகொடுத்தார். அதில் சீரினும் லூசினும் மாறி மாறி வந்தன. யூசியூ, சியூசி என்று மும்மூன்றாகப் படித்தால்தான் அப்படி வரும். இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்து 1966-க்குள் அகராதி முழுவதும் கைக்கு வந்துவிட்டது. 1968-இல் நிரென்பெர்க், கொரானா, ஹோலி (அடுத்து நாம் பார்க்கப்போகும் கடத்து ஆர்.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்தவர்) மூவருக்கும் நோபல் பரிசு.

ரைபோசோமுக்குத் தானாக எந்த அமினோ அமிலமும் தெரியாது. ஒரு முனையில் மூன்று எழுத்துகளும் மறுமுனையில் அதற்குரிய அமினோ அமிலமுமாக வரும் கடத்து ஆர்.என்.ஏ.தான் பொருத்திக் கொடுக்கிறது. எழுத்து பொருந்தினால் அமினோ அமிலம் சங்கிலியில் சேரும், ரைபோசோம் மூன்றெழுத்து நகரும். மனித செல்லில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து அமினோ அமிலம் என்ற வேகம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் என்பதால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். தசையில் இருக்கும் டைட்டினில் சுமார் 34,000. அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகும். இதற்கு ஆற்றலும் ஏகப்பட்டது செலவாகிறது, ஒவ்வோர் இணைப்புக்கும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு குறைந்தது நான்குக்குச் சமமான ஆற்றல் போகும். அமினோ அமிலங்களை உண்மையில் இணைப்பது ரைபோசோமில் இருக்கும் புரதம் அல்ல, அதிலிருக்கும் ஆர்.என்.ஏ. என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், ரைபோசோமின் உருவத்தை அணு அணுவாகப் பார்த்தபோது, உறுதியானது. அந்த உருவத்துக்காக 2009-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். மற்ற இருவர் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத்.

நாம் விழுங்கும் சில மருந்துகள் வேலை செய்வதும் இங்கேதான். டெட்ராசைக்ளின் பாக்டீரியாவின் ரைபோசோமில் கடத்து ஆர்.என்.ஏ. வந்து உட்காரும் இடத்தை அடைத்துவிடும். அசித்ரோமைசின், வளரும் சங்கிலி வெளியே வரும் சுரங்கப் பாதையை அடைக்கும். பாக்டீரியாவின் ரைபோசோமும் நம்முடையதும் அமைப்பில் வேறுபடுவதால்தான் கிருமி முடங்கிப்போகிறது, நாம் பிழைக்கிறோம். எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் என்ற நஞ்சு நம் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் ஒரே ஒரு அடினினை (ஏ என்ற எழுத்து) பிடுங்கி எடுத்துவிடும். அதோடு அந்த ரைபோசோம் முடிந்தது.

சங்கிலி கோத்தாகிவிட்டது என்பதால் புரதம் ஆகிவிடாது. அது மடிய வேண்டும். நீரை விரும்பாத அமினோ அமிலங்கள் உள்ளே ஒதுங்கும், நீரோடு சேர்பவை வெளியே நிற்கும். இப்படி முப்பரிமாண வடிவம் வந்த பிறகுதான் வேலை செய்யும். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாவது இந்த மடிப்பு குலைவதால்தான். அப்போது அமினோ அமில வரிசை மாறியிருக்காது, வடிவம்தான் போயிருக்கும். எந்தக் கோணங்களில் சங்கிலி வளைய முடியும், எதில் முடியாது என்று 1963-இல் வரைந்து காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும். இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தால் அது சரியா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 110 அமினோ அமிலங்களாகக் கோக்கப்படுகிறது. முன்னால் இருக்கும் 24 வெறும் முகவரி; 'இதை வெளியே அனுப்ப வேண்டும்' என்று சொல்லிவிட்டு வெட்டுப்பட்டுப் போய்விடும். மீதி மடிந்த பிறகு நடுவிலிருந்து சி-பெப்டைடு என்ற துண்டு வெட்டப்படும். கடைசியில் நிற்பது 51 அமினோ அமிலம். அந்த நடுத்துண்டும் இன்சுலினோடு சேர்ந்தே ரத்தத்துக்கு வரும். ஊசி இன்சுலினில் அது கிடையாது. அதனால்தான் ஊசி போட்டுக்கொள்பவரின் கணையம் சொந்தமாக இன்சுலின் சுரக்கிறதா என்று அறிய மருத்துவர் சி-பெப்டைடு சோதனை எழுதிக்கொடுக்கிறார்.

இப்போது நோய்க்கு வருவோம். அரிவாள் செல் ரத்தசோகையில் ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிடுகிறது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துதான் மாறியிருக்கும். நீரை விரும்பும் ஒன்றின் இடத்தில் நீரை விரும்பாத ஒன்று வந்ததால், ஆக்சிஜனை விட்டுக்கொடுத்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிவிடும். ரத்தச் சிவப்பணு வளைந்து விறைத்துப்போய்ச் சிறு ரத்தக்குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி வரும். 146-இல் ஒன்று மாறியதற்கு இவ்வளவு என்பதைப் பாடத்தில் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த வலியோடு வாழ்கிறவர்களில் குழந்தைகளும் இருக்கிறார்கள். 2023-இல் மரபணுத் திருத்த சிகிச்சைக்கு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்திருக்கிறது. அது பிழையான எழுத்தைத் திருத்துவதில்லை. கருவில் இருக்கும்போது செய்த ஹீமோகுளோபினை மறுபடியும் செய்ய வைக்கிறது.

நுரையீரல் போன்ற இடங்களில் சளி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் வேறு வகை. பெரும்பாலான நோயாளிகளிடம் 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தில் 508-ஆவது இடத்து ஃபினைல்அலனின் விடுபட்டிருக்கும். அந்தப் புரதம் சரியாக மடியாது. செல்லின் தரக்கட்டுப்பாடு அதைப் பிடித்து, செல் சவ்வுக்குப் போகும் முன்பே உடைத்துவிடும். போய்ச் சேர்ந்திருந்தால் ஓரளவாவது வேலை செய்திருக்கும். மடிப்பைத் தாங்கிப் பிடிக்கும் சிறு மூலக்கூறுகள் இன்று இதற்கு முக்கியமான மருந்து.

மரபணுவில் எந்தப் பிழையும் இல்லாமலே புரதம் கெடலாம். நம் உடம்பின் மொத்தப் புரதத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். மூன்று சங்கிலிகள் முறுக்கிய வடிவம் அதற்கு. அந்த முறுக்கு அவிழாமல் நிற்க, சங்கிலியில் கோத்த புரோலின் என்ற அமினோ அமிலங்கள் சிலவற்றில் ஹைட்ராக்சில் என்ற சிறு வேதிக்குழுவைச் சேர்க்க வேண்டும். அதைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. அது இல்லாவிட்டால் பலவீனமான கொலாஜன்தான் வரும். ஈறில் ரத்தம் கசியும், ஆறிய புண் திறந்துகொள்ளும். ஸ்கர்வி என்பது இதுதான். புரதத்தை எவ்வளவு சாப்பிட்டாலும் இது தீராது.

உடைப்பதும் கட்டுவதற்குச் சமமான வேலை. பழையதும் கெட்டுப்போனதுமான புரதத்துக்கு யூபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டி, புரோட்டியசோம் என்ற இயந்திரத்துக்குள் தள்ளி செல் நறுக்கிவிடும். இதைக் கண்டறிந்ததற்கு 2004-இல் நோபல். வளர்ந்த ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்கு 250 முதல் 300 கிராம் வரை புரதம் இப்படி உடைந்து மீண்டும் கட்டப்படுகிறது. நாம் சாப்பிடுவது அதில் நாலில் ஒரு பங்குதான் இருக்கும், மீதி பழைய அமினோ அமிலமே மறுபடியும் பயன்படுவது. இந்த வசதி இல்லாத இடம் கண்ணின் லென்ஸ். அதன் உட்பகுதி செல்களில் உட்கருவும் இல்லை, ரைபோசோமும் இல்லை. நாம் பிறக்கும் முன்பே செய்த கிரிஸ்டலின் புரதத்தை வைத்துத்தான் ஆயுள் முழுக்கப் பார்க்கிறோம். அது காலப்போக்கில் கெட்டு, ஒன்றாய்த் திரண்டு ஒளியை மறைப்பதுதான் கண்புரை.

இனி அளவு. 20 அமினோ அமிலங்களில் ஒன்பதை நம் உடம்பால் செய்ய முடியாது, உணவில்தான் வர வேண்டும். மாவுச்சத்துக்கும் கொழுப்புக்கும் இருப்பதுபோல அமினோ அமிலத்துக்கென்று சேமிப்பு அறை எதுவும் உடம்பில் இல்லை. ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் அது வர வேண்டிய இடத்தில் ரைபோசோம் தயங்கி நிற்கும், மற்ற எட்டும் குவிந்திருந்தாலும் சங்கிலி முன்னேறாது. பட்டினி, தீக்காயம், நீண்ட காய்ச்சல் போன்ற நேரங்களில் உடம்பு தன் தசையையே உடைத்து, அந்த அமினோ அமிலத்தில் நோய் எதிர்ப்புப் புரதங்களைச் செய்துகொள்ளும். நோயிலிருந்து எழுந்தவர் மெலிந்துபோவதற்கு இது பெரிய காரணம்.

ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான பரிந்துரை. வயதானவர்களுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை நல்லது என்று பல நிபுணர் குழுக்கள் சொல்கின்றன, அவர்களுடைய தசை உணவுக்கு முன்போல எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. கூடவே தசைக்கு வேலையும் கொடுக்க வேண்டும். படுத்தே இருப்பவருக்கு எவ்வளவு ஊட்டினாலும் தசை செல் புதிதாகக் கட்டுவது குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கைத் தாங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். டயாலிசிஸுக்கு முந்திய கட்டத்தில் குறைக்கச் சொல்வார்கள், டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கூட்டச் சொல்வார்கள். மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.