வாசகர் கேள்வி – பதில்: சிகிச்சை முடிந்த பிறகு எங்கே தங்குவது?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவன், சில வாரங்களிலேயே பழைய கூட்டாளிகளோடு சேர்ந்து மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டான். அமெரிக்காவில் குடியை விட்டவர்கள் ஒரே வீட்டில் தங்கித் தேறுகிறார்களாமே? மருத்துவரோ காவலோ இல்லாமல் அது எப்படி நடக்கிறது? குடித்தவனை உடனே வெளியேற்றுவது இரக்கமற்ற செயல் அல்லவா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, நீங்கள் கேள்விப்பட்டது ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்னும் இல்லங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். 1975-இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் நகரில், குடிநோயாளிகளுக்கான விடுதி ஒன்று மூடப்படவிருந்தபோது, அங்கே தங்கியிருந்த பால் மொலாய் என்பவரும் உடனிருந்தவர்களும் அந்தக் கட்டடத்தைத் தாங்களே வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். பழைய விடுதியில் ஆறு மாதத்திற்கு மேல் தங்க இயலாது. அப்படி வெளியேறியவர்கள் மீண்டும் குடிப்பதைக் கண்டிருந்ததால், தங்கள் வீட்டில் காலவரம்பே வைக்கவில்லை.

இவ்வீடுகளில் சம்பளத்திற்கு மேற்பார்வையாளர் கிடையாது. வேலைக்குப் போய் ஆளுக்கொரு பங்கு வாடகை கட்ட வேண்டும், வீட்டு வேலையில் முறை வந்தால் செய்ய வேண்டும், வாரந்தோறும் கூடிக் கணக்குப் பார்க்க வேண்டும். புதியவர் ஒருவரைச் சேர்க்க ஏற்கெனவே இருப்பவர்களில் 80 சதவீதத்தினர் சம்மதிக்க வேண்டும். நேற்றுவரை வீட்டில் யாரும் பத்து ரூபாயை நம்பிக் கொடுக்காத இளைஞனிடம் எல்லோருடைய வாடகைப் பணமும் பொருளாளர் என்ற முறையில் ஒப்படைக்கப்படும்போது அவனுக்குள் நிகழும் மாற்றத்தை எந்த அறிவுரையாலும் உண்டாக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

அமெரிக்காவின் டீபால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் லெனார்டு ஜேசனின் குழு, சிகிச்சை முடித்த 150 பேரில் பாதிப்பேரை இவ்வீடுகளுக்கும் மீதிப்பேரை வழக்கமான பின்தொடர் கவனிப்புக்கும் குலுக்கல் முறையில் அனுப்பி, 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. இரண்டாண்டு கழித்து மது அல்லது போதைப்பொருளைப் பயன்படுத்தியவர்கள் முதல் பிரிவில் சுமார் 31 சதவீதம், இரண்டாம் பிரிவில் சுமார் 65 சதவீதம்.

மீண்டும் குடித்தவரை உடனே வெளியேற்றும் இவ்வீடுகளின் விதி ஒரு தாய்க்குக் கொடுமையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் ஒருவன் குடித்துவிட்டு அறைக்குத் திரும்பினால், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனின் பல மாத உழைப்பும் அன்றிரவே ஆட்டம் கண்டுவிடும். அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள் அல்லவா? வெளியேறியவன் குடியை விட்டபின் மீண்டும் விண்ணப்பிக்கத் தடையில்லை.

உங்கள் மகனை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடர்ந்து குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் பரஸ்பர உதவிக் குழுவின் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. அங்கே அவன் குடியை விட்டவர்களோடு பழக முடியும். தங்கவைக்கும் மையம் எதுவானாலும், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா, நீங்கள் விரும்பும்போது மகனைப் பார்க்க விடுவார்களா, மையத்தை விட்டு வந்த பிறகும் தொடர்பில் இருப்பார்களா என்று நேரில் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுங்கள்.