தலையில் ஒரு நோய், வாலில் ஒரு நோய்: கிஃப்5ஏ மரபணு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தந்தைக்கு 51 வயது. ஓராண்டுக்கு முன் சட்டைப் பொத்தானை வலக்கையால் போட முடியவில்லை என்றார். இப்போது இரு கைகளும் மெலிந்து, தோளில் தசைகள் தாமாகவே துடிக்கின்றன. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் மோட்டார் நியூரான் நோய்தான், அதிலும் பரவலாகக் காணப்படும் ஏ.எல்.எஸ். வகை என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்துவிட்டார். மரபணுச் சோதனை அறிக்கையில் 'கிஃப்5ஏ மரபணுவில் மாற்றம். நோயுடனான தொடர்பு உறுதிப்படவில்லை' என்று உள்ளது. இதே மரபணுவின் பெயரில் வேறு நோய்களையும் படித்ததால் குழம்பியிருக்கிறோம். – ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: நீங்கள் படித்ததில் தவறில்லை, அம்மா. இந்த ஒரே மரபணு, மாற்றம் எந்த இடத்தில் நேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு நோய்களைத் தருகிறது. அது ஏன் என்று புரிந்துகொள்ள, முதலில் அந்த மரபணுவின் வேலையைப் பார்க்க வேண்டும்.

தண்டுவடத்தில் தொடங்கிப் பாதத்தின் தசை வரை நீளும் ஒரு நரம்பணு ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் கொண்டது. அதன் உடலோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அந்தச் சிறு உடலில்தான் பெரும்பாலான புரதங்கள் உருவாகின்றன, அவை அத்தனை தூரத்தையும் கடந்து நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் பயிர் என்னவாகும் என்பதை உங்கள் ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை. நரம்பணுவுக்குள் நுண்குழாய்கள் பாதையாக அமைந்திருக்க, அவற்றின்மேல் கைனெசின் என்னும் புரதங்கள் சுமையோடு நடக்கின்றன. அடி ஒன்றுக்கு 8 நானோமீட்டர். ஒவ்வோர் அடிக்கும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவாகிறது. இப்படி நடந்தே விரைவுச் சரக்குகள் நாளொன்றுக்கு 20 முதல் 40 சென்டிமீட்டர் தூரம் கடந்துவிடுகின்றன. 1985-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில், கணவாயின் தடித்த நரம்பு இழையிலிருந்து பிதுக்கி எடுத்த கூழில்தான் இந்தப் புரதம் முதலில் அடையாளம் காணப்பட்டது.

கைனெசின் குடும்பத்தில் ஒன்றுக்கான செய்முறைக் குறிப்பு, 12ஆம் குரோமோசோமில் உள்ள கிஃப்5ஏ மரபணு. அது உருவாக்கும் புரதம், சங்கிலிக் கண்ணிகள்போலக் கோத்த 1,032 அமினோ அமிலங்கள் கொண்டது. ஒரு முனை தலை, மறுமுனை வால். ஆய்வாளர்கள் தலை என்று பெயர் வைத்தாலும், அது பாதையில் கால்போல நடக்கும் பகுதியே. சுமையைப் பற்றுவது வால். சுமை இல்லாத நேரத்தில் வால் மடங்கி வந்து தலையைத் தொட்டு நடையை நிறுத்திவிடுகிறது. இந்த மடக்கு இல்லாவிட்டால் இந்தப் புரத மோட்டார் ஓயாமல் ஓடிக்கொண்டேயிருக்கும்.

தலைப் பகுதியில் மாற்றம் வந்தால் கால்கள் மெல்ல விறைத்துப்போகும் பரம்பரைக் கால்விறைப்பு நோய் வருகிறது என்பது 2002-இல் தெரியவந்தது. அதில் நடை கெடும். ஆயுள் பெரும்பாலும் குறைவதில்லை. 2018-இல், 20,806 ஏ.எல்.எஸ். நோயாளிகளின் மரபணுக்களை 59,804 மற்றவர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில்தான் வால் பகுதி கண்ணில் பட்டது. அங்கே நேரும் சில மாற்றங்களால் செல், மரபணுவின் 27ஆம் துண்டைப் படிக்காமல் தாண்டிவிடுகிறது. அதனால் இயல்பான கடைசி 34 அமினோ அமிலங்கள் போய், தொடர்பில்லாத 39 வந்து ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட வாலால் மடங்கித் தலையைத் தடுக்க இயலாது. நிறுத்த ஆளில்லாத மோட்டார்கள் நரம்பணுவின் நுனிகளில் போய்க் குவிந்து திரள்களாகின்றன என்று 2022-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இங்கே சிக்கல் புரதப் பற்றாக்குறை அன்று, அடங்காத புரதம்.

ஆகவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாற்றம் தலையிலா, வாலிலா என்பதே. அறிக்கையிலேயே இட எண் அச்சாகியிருக்கும். 'உறுதிப்படவில்லை' என்ற சொல்லை நோய்க்குக் காரணம் என்றும் கொள்ளாதீர்கள், காரணமில்லை என்றும் கொள்ளாதீர்கள். குடும்பத்தில் இதே நோய் உள்ள வேறொருவரைச் சோதித்தால் தெளிவு கிடைக்கலாம். ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே அறிக்கையை மறுபடி ஆராயச் சொல்வதும் வழக்கம். மேற்சொன்ன வால் மாற்றம் உள்ள நோயாளிகள், வழக்கமான ஏ.எல்.எஸ். நோயாளிகளைவிட நீண்ட காலம் வாழ்ந்திருந்ததையும் 2018 ஆய்வு பதிவுசெய்திருக்கிறது.

கேள்வி: கணவருக்கு நோயை உண்டாக்கும் கிஃப்5ஏ மாற்றம் உறுதியாகிவிட்டது. 14 வயது மகளுக்கும் சோதனை செய்யலாமா? – ஒரு தாய், சேலம்

பதில்: இப்போது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் மாற்றம் இருந்தாலே இந்த நோய் வரக்கூடும் என்பதால், மகளுக்கு அது வந்திருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆனால் மாற்றம் இருப்பவர் எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. தடுக்கும் மருந்து இல்லாத, பெரியவர்களுக்கே வரும் நோய் ஒன்றுக்காகச் சிறுவரைச் சோதிப்பதில்லை என்பது மருத்துவ மரபியலில் ஏற்கப்பட்ட நெறி. வளர்ந்தபின், மரபியல் ஆலோசகரோடு பேசிவிட்டு, சோதனை வேண்டுமா என்பதை அவளே முடிவுசெய்யட்டும். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு.

கேள்வி: சென்னையின் பெயரிலேயே ஒரு மோட்டார் நியூரான் நோய் உண்டாமே, அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. 1970-இல் சென்னை மருத்துவர்கள் விவரித்த அந்த வகை இளம் வயதிலேயே தொடங்கும். கை கால் மெலிவோடு முகத் தசைகள் தளர்ந்து, காதும் கேளாமல் போகும். செவித்திறன் இழப்பு கிஃப்5ஏ தரும் ஏ.எல்.எஸ். நோயின் அடையாளம் அன்று.

கேள்வி: மரபணுவே தெரிந்துவிட்டதால் அதற்கேற்ற மருந்து கிடைக்குமா?

பதில்: 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபர்சன், எஸ்.ஓ.டி.1 என்னும் வேறொரு மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டுமானது. முதுகுத்தண்டு நீரில் ஊசி வழியே செலுத்தப்படுகிறது. கிஃப்5ஏ நோயாளிக்கு அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். 1995 முதல் பயன்பாட்டில் உள்ள ரிலுசோல், எந்த மரபணுவானாலும் ஏ.எல்.எஸ். நோயின் வேகத்தைச் சற்றே குறைக்கிறது. மூச்சுத் தசைகளைக் கவனிப்பதும் மருந்தளவுக்கு முக்கியம். மல்லாந்து படுத்தால் திணறல், காலையில் எழும்போதே தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அழைத்துச் சென்று மூச்சுத் திறனை அளந்து பாருங்கள். இரவில் முகமூடி வழியே காற்றுத் தரும் கருவியை உரிய நேரத்தில் தொடங்கினால் தூக்கமும் சீராகும், ஆயுளும் நீளும்.