புது பேட்டரி போட்டும் செல்ஃப் மந்தமா? முதலில் கேபிளைப் பாருங்கள்

சார், 6 வோல்ட் கார், புது பேட்டரி, அப்படியும் ஸ்டார்ட்டர் (இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார்) திணறித் திணறிச் சுற்றுகிறது என்கிறீர்கள். மோட்டாரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். என் சந்தேகம் கேபிள் மீதுதான். கடைகளில் ரெடிமேடாகக் கிடைப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கான மெல்லிய கேபிள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓடவேண்டும். 1/0 அல்லது 2/0 கேஜ் (கம்பித் தடிமனின் அளவு) கேபிள் போடுங்கள்.

எர்த்தையும், அதாவது பேட்டரியை வண்டியின் உடம்போடு சேர்க்கும் இணைப்பையும், அளந்துவிடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் பிடித்துவிடாதபடி இக்னிஷனை (தீப்பொறி தரும் மின்சுற்றை) துண்டித்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் கம்பத்தில் (கேபிளின் கிளாம்பில் வைத்தால் பழுது மறைந்துவிடும்), மறுமுனை ஸ்டார்ட்டர் உடம்பில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பளபளவென்று ரெஸ்டோர் செய்த வண்டிகளில் பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுவது சகஜம். சுரண்டி, உலோகம் தெரிய மாட்டுங்கள். பழைய கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதையும் கவனியுங்கள். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் மற்ற கேபிளையும் ஸ்டார்ட்டர் ஸ்விட்சையும் இப்படியே பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால்தான் மோட்டாரைக் கழற்றவேண்டும். புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) உரசலாம், அதற்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம். இக்னிஷன் இல்லாமல் வேகமாகச் சுற்றி, இக்னிஷனைப் போட்டதும் முட்டி நின்றால் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்கூட்டியே இருக்கிறது.

8 வோல்ட் பேட்டரி போடச் சொல்பவர்கள் வருவார்கள். கேட்காதீர்கள். பழுது அப்படியே இருக்கும், பல்புகள்தான் சீக்கிரம் போகும்.